கரண்ட் கணக்க போர்டுல போட்டுக் காட்டுன பத்திரிகைக்காரர்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க.

கனடாவுல பிரெஞ்சு பேசற கியூபெக் மாகாணத்து ரெனே லெவெக்க பத்தி நம்ம பேப்பர்ல ஒரு கட்டுரையாச்சும் வரணுமுங்க. முதலமைச்சர் ஆனதுக்காக இல்ல, அவரு கரண்ட் விசயத்துல செஞ்ச வேலைக்காக, தறி ஓட்டுற எங்கள மாதிரி ஆளுகளுக்கு அது கட்டாயம் தெரியணும்.

ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்கப் படையோட கூடவே போயி செய்தி அனுப்புனவரு. 1956ல இருந்து டிவில வாராவாரம் உலக விவகாரத்த விளக்கிச் சொன்னாரு, கையில சாக்பீசு, பின்னால போர்டு, மேப்பு, சூயஸ் கால்வாய் சண்டையக்கூட பள்ளிக்கூடத்து வாத்தியாராட்டம் பொறுமையா சொல்லிக் குடுப்பாராமுங்க. 1960ல எலக்சன்ல ஜெயிச்சு மந்திரி ஆனாரு.

அப்ப அங்க கரண்ட் பாதிக்கு மேல தனியார் கம்பெனிக கையில, பகுதிக்கு ஒரு ரேட்டு. அபிடிபிங்கிற பக்கம் 25 சைக்கிள் கரண்டு, அதாவது செகண்டுக்கு 25 தடவ அலையடிக்கறது, மத்த பக்கம் 60, ஒரு பக்கத்து மோட்டர இன்னொரு பக்கம் கொண்டு போனா ஒழுங்கா ஓடாதுங்க, தறிக்காரனுக்கு இது எவ்வளவு கொடுமைன்னு சொல்ல வேண்டியதில்ல. இதையெல்லாம் அரசாங்கமே எடுக்கணும்னு பிடிவாதமா நின்னு, ஊரூரா போயி மக்களுக்கு கணக்கு சொல்லி, 1962ல அந்த ஒரே விசயத்த வெச்சே எலக்சன் நடந்து அவிக கட்சி ஜெயிச்சுது, அடுத்த வருசம் 11 கம்பெனிக ஹைட்ரோ கியூபெக்குங்கிற அரசாங்க கரண்ட் கம்பெனியோட சேந்துருச்சு.

பின்னால கியூபெக்க தனி நாடாக்கணும்னு 1968ல தனிக்கட்சி, 1976ல முதலமைச்சர். 1977லயே பிரெஞ்சு மொழிக்கு ஒரு சட்டம், கட்சிக்கு நன்கொடை வாக்காளர் மட்டும்தான் குடுக்கணும், கம்பெனி குடுக்கக் கூடாதுன்னு இன்னொரு சட்டம். எனக்கு இந்த ரெண்டாவது சட்டந்தான் பெருசுங்க. கனடாவ விட்டுப் பிரியற வாக்கெடுப்பு 1980ல தோத்துப் போச்சு, கிட்டத்தட்ட 60 சதவீதம் பேரு வேண்டாம்னுட்டாங்க, அந்தத் தீர்ப்ப அவரு மதிச்சாரு.

நம்ம ஊருக்கு வாரேனுங்க. 1932ல நீலகிரி பைகாரா நீர்மின் நிலையத்து கரண்ட் வந்துதான் கோயமுத்தூருல மில்லு பெருகுச்சு, இன்னைக்கு சோமனூரு, பல்லடம் பக்கம் கூலிக்கு நெசவு ஓட்டுற குடும்பத்துல எத்தன பேருக்கு அவிக கரண்ட் பில்லு புரியுதுங்க? பிக்சட் சார்ஜ் எதுக்கு, இலவச யூனிட் போக மீதிக்கு ரேட்டு எப்படி ஏறுதுன்னு யாரும் உக்காந்து சொல்றதில்ல, ரேட்டு ஏறுன அன்னைக்கு ஒரு செய்தி, அப்புறம் கடையடைப்பு போட்டோ, அவ்வளவுதான். விசைத்தறிக்காரரோட பில்லு ஒண்ண அப்படியே போட்டு, வரிக்கு வரி விளக்கம் எழுதி, ஞாயித்துக்கிழமை முழுப்பக்கமா வெளியிடுங்க அய்யா.

இப்படிக்கு,
ஒரு விசைத்தறிக்காரர்,
சோமனூர்.