வெயிலைத் தொட்டியில் நிரப்புவது

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குத் திருச்சியிலேயே வேலை கிடைத்துவிட்டது.

மாடியில் சோலார் பேனல் போட்டாயிற்று, இதற்கு மேல் வெயிலில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். நிறைய இருக்கிறது. மின்சாரத்தை மாதக்கணக்கில் சேர்த்துவைப்பது பெரும்பாடு. நீண்ட தூரம் பறக்கும் விமானத்துக்கோ பேட்டரியின் எடை கட்டுப்படியாகாது. வெயிலையே எண்ணெயாக மாற்றிவிட்டால் தொட்டியில் நிரப்பி எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம்.

சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் ஆல்டோ ஸ்டைன்ஃபெல்ட் என்ற பேராசிரியரின் குழு இதைச் செய்தே காட்டிவிட்டது. 2019-இல் இ.டி.ஹெச். பல்கலைக்கழக மொட்டைமாடியில் ஒரு சின்ன அமைப்பு. நாளுக்கு 100 மில்லிலிட்டர் எரிபொருள். அப்புறம் ஸ்பெயினில் மாட்ரிட் பக்கத்தில் மோஸ்டோலெஸில் ஒரு கோபுரம். 169 கண்ணாடிகள் சூரியன் போகிற போக்கில் திரும்பி, வெயிலைக் கோபுரத்து உலையின் சிறு வாய்க்குள் குவிக்கின்றன. உள்ளே கடற்பஞ்சு போலத் துளைதுளையாக சீரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு. சுமார் 1500 டிகிரியில் அது தன் ஆக்சிஜனில் கொஞ்சத்தை விட்டுவிடும். சூட்டைக் குறைத்து நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் செலுத்தினால், இழந்ததை அவற்றிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுவது ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும். அந்த வாயுக் கலவையை, வாயுவைத் திரவமாக்கும் ஃபிஷர்-ட்ராப்ஷ் என்ற வேதிமுறையில் விமான எரிபொருளாக்குகிறார்கள். சீரியம் செலவாவதில்லை, அடுத்த சுற்றுக்கு அதே போதும். (நம் மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் மோனசைட் கனிமத்திலும் இந்த சீரியம் உண்டு.)

எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இருக்கிறது. ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. உலைக்குள் நுழையும் சூரிய ஆற்றலில் சுமார் 4 சதவீதம்தான் அந்த வாயுவில் தங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி சூடேற்றுவதில் வெப்பம் வீணாகிறது. அதைப் பிடித்து அடுத்த சுற்றுக்குத் திருப்பிவிட்டால் கணக்கே மாறிவிடும். சீரியம் ஆக்சைடுக்குப் பதில் வேறு பொருள் தேடுவதைவிட இதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். கோயம்புத்தூர் ஃபவுண்டரியில் உலையோடேயே காலம் தள்ளியவன் நீ. உலைப் புகையின் சூட்டை உள்ளே போகும் காற்றுக்கு ஏற்றுவீர்கள் என்று சொல்லியிருக்கிறாயே, அதில் எவ்வளவு தேறும்? இப்படி அடிக்கடி சூடேறி ஆறினால் உள்பூச்சு விரிசல் விடாதா? விவரமாக எழுது.

அன்புடன்,
ராஜாமணி