எழுத்துகளை எடைக்குப் போடாதீர்கள்

அச்சுத் தொழில் பயிற்சி நிலைய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடிக்கும் லெட்டர்பிரஸ் பிரிவைக் காலி செய்வது உங்கள் முடிவு. அதைப் பற்றி உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஏலப் பட்டியலில் 'உபயோகமற்ற ஈயம், கிலோ கணக்கில்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதற்காகத்தான் இந்த மடல். அந்த ஈயத்தில்தான் நான் தொழில் கற்றேன்.

அது வெறும் ஈயமும் இல்லை, ஐயா. வெறும் ஈயமாக இருந்தால் கொஞ்சம் ஓட்டியதுமே எழுத்து நசுங்கிவிடும். கெட்டிப்பட ஆன்டிமனியும் வார்ப்பு சீராக நிரம்ப வெள்ளீயமும் சேர்ப்பார்கள். எடைக்கு வாங்க வருகிறவருக்கு இது நன்றாகவே தெரியும்.

போன வாரம் வந்து பார்த்தேன். எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கும் மரக் கேஸ்களுக்குத் தனி விலையாம், அதனால் எழுத்துகளைச் சாக்கில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். 10 பாயிண்டும் 12 பாயிண்டும் ஒரே சாக்கில். ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் ஏறத்தாழ 72இல் ஒரு பங்கு. அந்த அளவு பிசகினாலே வரி நிற்காது. கோத்த பக்கத்தை முடுக்கிய செஸ்ஸை, அதாவது இரும்புச் சட்டத்தை, தூக்கும்போது எழுத்து பொலபொலவென்று உதிரும். அதிலும் தமிழ்க் கேஸை நிரப்புவது லேசுப்பட்ட வேலையா? கு, கூ, டு, டூ என்று உகரமும் ஊகாரமும் ஒவ்வொரு மெய்க்கும் ஒரு உருவம். 18 மெய்க்கு அவையே 36. கொம்பும் காலும் தனி. 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் வேலை இழந்த பழைய லை, னை போன்றவற்றைக்கூட யாரோ தூக்கிப் போட மனமில்லாமல் ஓர அறைகளில் வைத்திருந்தார்கள். அவையும் இப்போது சாக்கில்.

பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் எங்களைக் கம்போஸ் செய்ய, அதாவது எழுத்துக் கோக்க, விடமாட்டார்கள். அச்சான பக்கத்தை மண்ணெண்ணெயில் கழுவி, எழுத்துகளைப் பிரித்து அதது அறையில் போட வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் கேஸ் கைக்குப் பழகியது அதில்தான். அப்புறம் எழுத்துகளை வரியாகக் கோக்கும் ஸ்டிக் இடது கைக்கு வந்தது. கட்டைவிரல் கடைசி எழுத்தைத் தாங்கும். வலது கை பார்க்காமலே அடுத்த அறைக்குப் போகும். எழுத்தின் உடம்பில் உள்ள சின்ன வெட்டு விரலில் பட்டாலே திசை சரியா என்று தெரிந்துவிடும். வரியைத் தலைகீழாக வைத்தே படிப்போம், புரூஃப் எடுக்கும் முன்பே பாதிப் பிழை கண்ணில் படும். சாயங்காலம் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் மை நிற்கும். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஈயம் உடம்புக்கு ஆகாது என்று உங்களில் ஒருவர் சொன்னாராம். உண்மை. கை கழுவாமல் சாப்பிட உட்காராதே என்று எங்களுக்கு வந்த அன்றே சொல்லிக்கொடுத்தார்கள். அதை இன்றைய மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கலாமே.

இடமில்லை என்கிறீர்கள். ஆண்டுக்கொரு முறை திறக்கும் கூட்ட அரங்குக்கு இடம் இருக்கிறது. வாசலில் குட்டன்பர்க்குக்கு ஆளுயர ஃபிளெக்ஸ் வைக்கவும் இடம் இருக்கிறது. 1450களில் உலோக எழுத்தால் பைபிள் அச்சடித்த மனிதர், பாவம். அவர் முதுகுக்குப் பின்னால்தான் லாரியில் எழுத்து ஏறுகிறது. படத்துக்குக் கீழே 'பாரம்பரியம் காபோம்' என்று போட்டிருக்கிறீர்கள். ஒரு 'ப்' எங்கே போனது? சாக்கில் தேடினால் நிறையக் கிடைக்கும்.

சரி, கோபத்தை விட்டுவிட்டுக் கேட்க வந்ததைக் கேட்கிறேன். எழுத்துகளை எடைக்குப் போடாதீர்கள். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது என்றால், ஒரு முழுத் தமிழ் செட்டும் அதன் கேஸ்களும், ஓடுகிற நிலையில் உள்ள ஒரு டிரெடில் அச்சு இயந்திரமும் மட்டுமாவது இருக்கட்டும். படிக்க வரும் பிள்ளைகள் ஒரு பக்கத்தையாவது தங்கள் கையால் கோத்துப் பார்க்கட்டும். சாக்கில் கொட்டியதைப் பிரித்துப் போட எங்களைப் போன்ற பழைய கம்பாசிடர்கள் வருகிறோம். கூலி வேண்டாம், மேசையும் நல்ல வெளிச்சமும் கொடுத்தால் போதும்.

ஏலத் தேதிக்கு முன்பாகப் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நிலையத்தின் பழைய மாணவன்