பதிப்பாளர்களுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய சென்னைப் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். இந்த ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் ஒரு நூலைப் புரட்டினேன். முதல் பத்தியிலேயே தெரிந்துவிட்டது, என் வாக்கியங்கள். 2016இல் நான் வங்காளத்திலிருந்து மொழிபெயர்த்த கதைகள், புது அட்டையோடு மூன்றாம் பதிப்பு. விவரப் பக்கத்தில் தாளின் எடை இருந்தது. எழுத்தின் அளவு இருந்தது. ஒளியச்சு செய்தவர் பெயரும் திருவல்லிக்கேணி அச்சகத்தின் பெயரும் இருந்தன. என் பெயர் இல்லை. உரிமை: பதிப்பகத்தாருக்கு. பத்து சதவீதக் கழிவு போக 270 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன்.

தொலைபேசியில் கேட்டதற்கு, "அப்போதே பணம் வாங்கிவிட்டீர்களே அம்மா" என்றார்கள். வாங்கினேன். 8,000 ரூபாய். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்திட்ட அந்த வவுச்சரின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. தொகையைத் தவிர அதில் இருப்பது 'மொழிபெயர்ப்புக் கூலி' என்ற ஒரே வரி.

நீங்கள் அறியாத சட்டம் இல்லை. சம்பளக்காரர் வேலையின்போது எழுதியது நிறுவனத்துக்குப் போகும். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படமும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், சொன்னவருக்கே. வெளியாளின் எழுத்துக்கு அந்த விதி இல்லை. எழுதியவர் கையெழுத்திட்டு எழுத்துப்பூர்வமாக மாற்றித் தந்தால்தான் உரிமை கைமாறும் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. வவுச்சரையே பத்திரம் என்று வைத்துக்கொண்டாலும், காலம் குறிப்பிடாதபோது ஆயுள் 5 ஆண்டுகள்தான். அதுவும் 2021இல் முடிந்தது. பெயரோ, உரிமையை விற்ற பின்னும் என்னுடையது. அது 57ஆம் பிரிவு.

நான் கேட்பது ஒரு பக்கத் தாள். எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாட்டில், என்ன தொகை. வேலை தொடங்குமுன் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான். ஒலிநூலாக்க நினைத்தால் அதையும் அப்போதே எழுதுங்கள். விழா மேடையில் எங்களைப் பாலம் என்று புகழ்ந்து சால்வை போர்த்துகிறீர்கள். வீட்டில் நான்கு சால்வைகள் இருக்கின்றன. சென்னையில் அவற்றைப் போர்த்திக்கொள்ள எனக்கு இன்னும் ஒரு நாள் வாய்க்கவில்லை.

மன்னிக்கவும், வேறெங்கோ போய்விட்டேன். அந்த ஒரு பக்கத் தாளை வழக்கமாக்குங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மூன்றாம் பதிப்பை வெளியிட்டவருக்கு மட்டும் இன்னொரு வேண்டுகோள்: விற்காத பிரதிகளில் என் பெயரை ஒரு துண்டுச் சீட்டாகவாவது ஒட்டிவிடுங்கள். பசை நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மொழிபெயர்ப்பாளர்,
மயிலாப்பூர்