குறைந்த விலை மடிக்கணினி: விளம்பரத்தில் விடுபடும் விவரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் குறைந்த விலை மடிக்கணினிகள் பற்றி அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மின்னஞ்சல் பார்ப்பது, விண்ணப்பப் படிவங்களை நிரப்புவது, பிள்ளைகள் பாடம் படிப்பது, வரவு செலவு எழுதுவது, தொலைவில் இருக்கும் உறவினரோடு முகம் பார்த்துப் பேசுவது ஆகிய அன்றாட வேலைகளுக்கு மட்டுமே கணினி தேவைப்படுவோரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட கட்டுரை அது என்பதால், அதை நம்பியே கடைக்குப் போனவர்கள் பலர் இருப்பார்கள். செயலியின் (பிராசசர்) பெயர், திரையின் அளவு, எடை, நிறம் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அந்தக் கணினியின் நினைவகத்தை (ரேம்) பின்னால் கூட்ட முடியுமா, சேமிப்பகத்தை மாற்ற முடியுமா, எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்பவை பற்றி ஒரு சொல்லும் இல்லை. மடிக்கணினி பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்குபவருக்கு முதலில் தெரிய வேண்டியவை இவையே என்று உறுதியாகச் சொல்வேன். வசதியுள்ளவர் கணினி சரியில்லை என்றால் வேறொன்று வாங்கிக்கொள்வார். இவர்களால் அது முடியாது.

முதலில் சேமிப்பகத்தைப் பற்றிச் சொல்கிறேன். மிகக் குறைந்த விலையில் விற்கப்படும் மடிக்கணினிகள் பலவற்றில் இஎம்எம்சி எனப்படும் சேமிப்புச் சில்லு மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டு வருகிறது. விலையட்டையில் ‘64 ஜிபி’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது எந்த வகைச் சேமிப்பகம் என்பது அங்கே இருக்காது. அந்த 64 ஜிபி, விண்டோஸ் கணக்கிடும் முறையில் ஏறத்தாழ 59 ஜிபியாகத்தான் தெரியும். அதில் இயங்குதளமே 20 ஜிபிக்கு மேல் பிடித்துக்கொள்கிறது. முன்கூட்டியே ஏற்றி அனுப்பப்படும் மென்பொருள்களும், மீட்புக்கென ஒதுக்கப்படும் பகுதியும், மாதந்தோறும் வரும் புதுப்பிப்புகளும் எஞ்சிய இடத்தை மெல்ல மெல்லத் தின்றுவிடுகின்றன.

தையல் தொழில் செய்யும் அம்மையார் ஒருவர், வாடிக்கையாளர்களின் அளவுகளையும் கணக்கையும் பதிந்து வைப்பதற்காக வாங்கிய இத்தகைய கணினியை என்னிடம் கொண்டுவந்தார். அவருடைய கோப்புகள் அனைத்தையும் சேர்த்தாலும் 1 ஜிபி தேறாது. இருந்தும், இடம் போதாததால் புதுப்பிப்பை நிறுவ முடியவில்லை என்ற அறிவிப்பு திரையில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. “நான் ஒண்ணுமே ஏத்தலையே தம்பி, எப்படி நிரம்புச்சு?” என்று கேட்டார். பின்மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, பேட்டரிக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நக அளவில் கறுப்புச் சில்லு ஒன்று பலகையோடு ஒட்டியிருந்தது. எஸ்எஸ்டி எனப்படும் வேகமான, மாற்றக்கூடிய சேமிப்பகத்தைச் செருகுவதற்கான இணைப்பான் இருக்க வேண்டிய இடத்தில் செப்புத் தடங்கள் மட்டும் இருந்தன. இணைப்பானைப் பொருத்தாமலே விட்டிருந்தார்கள். அந்தச் சிறு இணைப்பான் இருந்திருந்தால், பெரிய எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, அன்றைக்கே கணினியை அவரிடம் கொடுத்திருப்பேன். தேவையற்ற மென்பொருள்களை நீக்கி, கோப்புகளை வெளிச் சேமிப்பகத்துக்கு மாற்றி, தற்காலிகமாக ஒரு வழி செய்து அனுப்புவதைத் தவிர வேறொன்றும் என்னால் செய்ய முடியவில்லை.

வேகத்திலும் இந்த வேறுபாடு தெரியும். இஎம்எம்சி 5.1 தரத்தின் உச்ச வேகமே நொடிக்கு 400 எம்பி. சாட்டா வகை எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி அளவிலும், என்விஎம்இ வகை அதைப்போல் பல மடங்கிலும் தரவைப் படிக்கும். பழைய வகை ஹார்டு டிஸ்க் உள்ள கணினி இன்னும் விற்பனைக்குக் கிடைத்தால், அதில் விண்டோஸ் 11 தொடங்குவதற்குள் பொறுமை போய்விடும் என்பதால், எஸ்எஸ்டி போட்டுத் தந்தால் மட்டுமே வாங்கலாம். அன்றாட உபயோகத்துக்கு 256 ஜிபி எஸ்எஸ்டி தாராளமாகப் போதும். 512 ஜிபி வாங்குவதற்கான கூடுதல் பணத்தை நினைவகத்துக்குச் செலவிடுவது நல்லது.

நினைவகத்தில்தான் வாங்குவோர் பெரிதும் ஏமாறுகிறார்கள். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி ரேம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருப்பதைக் காட்டி, 4 ஜிபி கணினியை ‘விண்டோஸ் 11-க்கு ஏற்றது’ என்று விற்கிறார்கள். அறிவிப்பு பொய்யல்ல, ஆனால் அது இயங்குதளம் நிறுவப்படுவதற்கான வரம்பே தவிர, வேலை செய்வதற்கான அளவு அல்ல. உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு காணொளி அழைப்பும் ஓடினால் 4 ஜிபி நிறைந்துவிடும். நிறைந்ததும் கணினி நின்றுவிடுவதில்லை. நினைவகத்தில் இடம் இல்லாததைச் சேமிப்பகத்தில் எழுதி வைத்து, வேண்டும்போது அங்கிருந்து எடுத்து வந்து சமாளிக்கிறது. அந்தச் சேமிப்பகமும் மெதுவான இஎம்எம்சியாக இருந்தால், ஒவ்வொரு சொடுக்குக்கும் காத்திருக்க வேண்டியதாகிறது. இதைத்தான் மக்கள் ‘கணினி தொங்குகிறது’ என்று சொல்லிக் கொண்டுவருகிறார்கள்; பெரும்பாலான நேரங்களில் வைரஸும் இருக்காது, பழுதும் இருக்காது.

ஆகவே 8 ஜிபிக்குக் குறைவான விண்டோஸ் மடிக்கணினியை எந்த விலைக்குக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த 8 ஜிபி நினைவகம் தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்டதா, துளையில் (ஸ்லாட்) செருகப்பட்டதா என்பதையும் கேட்டறிய வேண்டும். மெல்லிய கணினி என்று பெருமையாகச் சொல்லப்படுபவற்றுள் பல, பற்றவைத்த நினைவகம் கொண்டவை. காலியான துளை ஒன்று இருந்தால், மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு சிறு நினைவகப் பலகையை வாங்கிச் செருகி, அதே கணினிக்கு மறுவாழ்வு தரலாம். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பகுதியில் நினைவகத்தைத் தெரிவு செய்தால், எத்தனை துளைகளில் எத்தனை நிரம்பியுள்ளன என்று அங்கேயே காட்டும். பற்றவைத்த நினைவகத்தையும் சில கணினிகள் துளையாகவே கணக்குக் காட்டுவதுண்டு என்பதால், மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு தயாரிப்பாளரின் விவரக் கையேட்டிலும் பார்த்துவிடுவது நல்லது.

தங்கள் கட்டுரை செயலிக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தது. அன்றாட வேலைகளைப் பொறுத்தவரை, நான் அதை மூன்றாவது இடத்தில்தான் வைப்பேன். இன்டெல் என்100 போன்ற, 2023-இல் வந்த எளிய நான்கு கரு (கோர்) செயலியே எழுதவும் படிக்கவும் காணொளி பார்க்கவும் போதுமானது. செலரான் என்4020 போன்ற இரண்டு கருச் செயலி உள்ளவற்றை மட்டும் தவிர்க்க வேண்டும். ஆனால் பெயர்கள் விஷயத்தில் கவனம் தேவை. ஏஎம்டி நிறுவனத்தின் ‘ரைசன் 5 7520யு’, ‘ரைசன் 5 7530யு’ என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஓர் எண்ணில்தான் வேறுபாடு தெரியும். முதலில் உள்ள 7 என்பது அந்த மாதிரி எந்த ஆண்டு வரிசையைச் சேர்ந்தது என்பதை மட்டுமே காட்டுகிறது. உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்வது மூன்றாவது எண். முன்னது 2019-இல் அறிமுகமான ஸென் 2 வடிவமைப்பில் நான்கு கருக்கள் கொண்டது. பின்னது ஸென் 3 வடிவமைப்பில் ஆறு கருக்கள் கொண்டது. அதோடு 7520யு பற்றவைத்த நினைவகத்தோடு மட்டுமே வரும். இரண்டுமே அன்றாட வேலைக்குப் போதும் என்றாலும், ஒரே விலையில் இரண்டும் இருக்கும்போது எதை எடுப்பது என்று சாதாரண மனிதர் எப்படித் தெரிந்துகொள்வார்? இதை எடுத்துச் சொல்லும் கடமை பத்திரிகைகளுக்கு இருக்கிறது.

கட்டுரை பழைய கணினிகளை ஒரே வரியில் ‘தவிர்ப்பது நலம்’ என்று ஒதுக்கியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழித்துவிடும் திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் வரிசைக் கணினிகள், அதே விலைக்குக் கிடைக்கும் புதிய மலிவுக் கணினிகளைவிடப் பல வகைகளில் மேலானவை. அவற்றின் கீல்கள் உறுதியானவை, விசைப்பலகைகள் நீண்ட நேரம் தட்டச்சு செய்யத் தோதானவை, பெரும்பாலான மாதிரிகளைத் திருகாணிகளைக் கழற்றி எளிதாகத் திறக்கலாம், உதிரிப் பாகங்களும் கிடைக்கின்றன. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தாலும் 2026 அக்டோபர் 13 வரைதான் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்ற அறிவிப்போடு அந்தத் திட்டம் தொடங்கப்பட்டது. இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றுக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக வராது. ஆகவே செயலியின் பெயரில் ஐ5 என்பதற்கு அடுத்த எண்ணைப் பார்க்க வேண்டும்: 8250யு என்றால் எட்டாம் தலைமுறை, 6200யு என்றால் ஆறாம் தலைமுறை. ‘ஐ5’ என்ற பெயரை மட்டும் சொல்லி விற்கப்படும் மலிவான கணினிகள் பலவும் இந்த ஆறாம், ஏழாம் தலைமுறையைச் சேர்ந்தவையே. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பயன்படுத்தத் தயங்காதவருக்கு அவையும் நல்ல கணினிகள்தான். உலாவியும் லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளும் போதும் என்பவருக்கு, லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் எந்தக் குறையும் வைக்காது.

பழைய கணினியில் பேட்டரியைப் பற்றி வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதில்லை. பேட்டரி அறிக்கை எடுப்பதற்கான கட்டளை விண்டோஸிலேயே உண்டு. கடைக்காரரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் எடுத்துக் காட்டலாம். அதில் பேட்டரி உருவாக்கப்பட்டபோது இருந்த கொள்ளளவும், இப்போது முழுதாக ஏற்றினால் நிற்கும் கொள்ளளவும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும். 50,000 என்று இருந்தது 30,000 ஆகியிருந்தால், பேட்டரியில் 60 விழுக்காடே எஞ்சியிருக்கிறது என்று பொருள். புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம். அடுத்ததாக, கணினியை அணைத்து மீண்டும் இயக்கி, பயாஸ் எனப்படும், விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்புக்குள் கடவுச்சொல் கேட்காமல் நுழைய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முந்தைய நிறுவனம் போட்ட பூட்டை எடுக்காமல் விற்கப்பட்ட கணினிகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றை வாங்கியவர்களின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது கடினமாக இருந்தது.

கூகுளின் குரோம் ஓஎஸ் இயங்குதளத்தோடு வரும் குரோம்புக் மடிக்கணினியை வாங்க எண்ணுவோருக்கு ஒரே எச்சரிக்கை. 2021 முதல் வெளியான மாதிரிகளுக்குப் பத்து ஆண்டுகள் தானியங்கிப் புதுப்பிப்பு உண்டு என்று கூகுள் அறிவித்திருக்கிறது. அந்தப் பத்து ஆண்டுகள் நாம் வாங்கிய நாளிலிருந்து அல்லாமல், அந்த வன்பொருள் தளம் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய இருப்பில் பாதிக் காலம் ஏற்கெனவே கழிந்திருக்கலாம் என்பதால், மாதிரி எண்ணை வைத்து முடிவுத் தேதியைக் கூகுளின் உதவிப் பக்கத்தில் பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும்.

திரையைப் பற்றியும் ஒரு சொல். நாள்தோறும் கண்ணால் பார்க்கும் பொருள் அதுதான் என்றாலும், மிக மலிவான கணினிகளில் இன்னமும் 1366×768 புள்ளிகள் கொண்ட, பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளுத்துப்போகும் டிஎன் திரையையே வைக்கிறார்கள். 1920×1080 புள்ளிகள் கொண்ட, பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் திரை கிடைத்தால் அதற்காகச் செயலியில் ஒரு படி இறங்கலாம். பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே திரையைச் சுற்றி உட்கார்ந்து பார்க்கும் வீடுகளில் இது ஆடம்பரம் அல்ல. யுஎஸ்பி-சி வழியாக மின்னேற்றக்கூடிய கணினியாக இருந்தால், சார்ஜர் பழுதானாலும் அதே மாதிரிக்குரிய சார்ஜரைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

தங்கள் இதழில் இனி மடிக்கணினிகளை ஒப்பிட்டுப் பட்டியல் இடும்போது, நினைவகமும் சேமிப்பகமும் பற்றவைக்கப்பட்டவையா, சேமிப்பகம் இஎம்எம்சியா எஸ்எஸ்டியா, புதுப்பிப்புகள் எந்த ஆண்டு வரை கிடைக்கும் என்ற மூன்று விவரங்களையும் விலைக்குப் பக்கத்திலேயே வெளியிட வேண்டுகிறேன். இவை தயாரிப்பாளர்களிடம் கேட்டால் கிடைக்கும் விவரங்களே. தர மறுக்கும் தயாரிப்பாளரின் கணினிக்கு நேரே, ‘விவரம் தரப்படவில்லை’ என்று அச்சிட்டுவிடலாம். முழுப் பக்க விளம்பரம் தரும் நிறுவனங்களிடமும், அதே அளவு எழுத்தில் இவற்றை அச்சிடும்படி தங்கள் விளம்பரப் பிரிவு கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
மடிக்கணினி பழுதுபார்ப்பவர்