இருதய நோயாளியின் குளிசையை ஆஸ்பத்திரியிலேயே கொடுங்கள்

வடக்கின் சுகாதாரத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். கிளினிக்குகளில் மருந்து இல்லாமல் போவது நாங்கள் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்றில்லை. ஆனாலும் போன கிழமை எங்கள் ஒழுங்கையில் நடந்ததற்குப் பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணை மேசன் வேலை செய்பவர். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இந்த வருடத் தொடக்கத்தில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் (அடைபட்ட இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள், அரசாங்க ஆஸ்பத்திரியில், ஒரு சதமும் வாங்காமல். அந்த நன்றி எங்களுக்கு எப்போதும் உண்டு. ஸ்டென்ட் வைக்கப்பட்டவர், இரத்தம் உறையாமல் தடுக்கும் அஸ்பிரின், குளோபிடோகிரல் என்ற இரண்டு குளிசைகளையும் வழக்கமாக ஒரு வருடத்துக்கு நாள் தவறாமல் போடவேண்டும். விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்து அடைத்துவிடலாம். கிளினிக்கில் குளோபிடோகிரல் இல்லையென்று, வெளியில் வாங்கச் சொல்லி துண்டு எழுதிக் கொடுத்தார்கள். பாமசியில் வாங்கினார். அடுத்த தவணையும் துண்டுதான். அதற்கடுத்ததும். வேலை குறைந்த மாதம், மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள். வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டிருக்கிறார். இப்போது மறுபடி வார்ட்டில். மிச்சம் பிடித்த குளிசைகளை அவர் வீட்டு அக்கா அலுமாரிக்குள் கண்டெடுத்தா.

இந்த மனிதரிடம் "ஏன் ஒழுங்காக மருந்து போடவில்லை" என்று கேட்க யாருக்கு உரிமை இருக்கிறது?

கேட்பது ஒன்றுதான்: அடுத்த கிளினிக் வரைக்குமான குளிசை முழுவதும் ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கவேண்டும்.

உலகில் இருதய, இரத்தக்குழாய் நோய்களால் இறப்பவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில்தான். இரண்டு மருந்துகளும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசியப் பட்டியலில் உள்ளவை, காப்புரிமை எப்போதோ முடிந்தவை. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்து இல்லையென்றபோது பொறுத்துக்கொண்டோம். இன்னும் எத்தனை காலம்? செப்டம்பர் 29 வந்தால் இருதய தினம் என்று நடைபவனி போகிறோம், உப்பைக் குறை, புகையை விடு என்கிறோம். எல்லாம் சரி, தேவையானதும்கூட. ஆனால் ஒருமுறை பிழைத்து வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு அதைச் சொல்ல மனம் கூசுகிறது. நெடுந்தீவிலிருந்து படகேறி கிளினிக்குக்கு வருபவர்களின் கையிலும் அந்தத் துண்டைக் கொடுத்தால் அவர்கள் எங்கே போவார்கள்?

கோபமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாரி தொடங்கினால் கூலி வேலை நின்றுவிடும். அதற்கு முன்னராவது கிளினிக்குகளில் இந்தக் குளிசைகளின் கையிருப்பைப் பாருங்கள். ஓரிடத்தில் முடிந்தால் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். தயவுசெய்து நோயாளியின் கையில் துண்டை அல்ல, குளிசையைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அயலவர்