மடிக்கணினியோடு மலையிறங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு முதலிய நிபந்தனைகளால் விண்டோஸ் 11-க்கு மாற முடியாத பழைய மடிக்கணினிகளில் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் வகை இயங்குதளங்களை நிறுவிக்கொள்ளும் மாணவர்களைப் பழனி மலைக் கிராமங்களிலும் இப்போது காண முடிகிறது. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்ததால், இங்குள்ள பல வீடுகளுக்கு லினக்ஸ் புதியதும் அன்று. அக்கா கல்லூரி முடித்தபின் தம்பியின் கைக்கு வந்து, பேட்டரி செயலிழந்து, சார்ஜரின் துணையோடு மட்டுமே ஓடும் அத்தகைய கணினிகளை அக்கம்பக்கத்தாருக்குப் பார்த்துக்கொடுப்பவன் என்ற முறையில், அவற்றில் அடிக்கடி எழும் ஒரு கோளாறைப் பற்றி எழுதுகிறேன்.

பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுழலும் ஓசை கேட்கிறது, திரையில் மட்டும் ஒன்றும் தெரிவதில்லை. இதைச் சொன்ன மறுகணமே பழுது பார்க்கும் இடங்களில் ‘டிஸ்ப்ளே போய்விட்டது’ அல்லது ‘ஓ.எஸ்.’, அதாவது இயங்குதளம், ‘மாற்ற வேண்டும்’ என்ற இரண்டு தீர்ப்புகளுள் ஒன்று கிடைத்துவிடுகிறது. முதல் தீர்ப்பால் தேவையற்ற செலவு நேர்கிறது; இரண்டாவதால் கணினிக்குள் இருக்கும் சான்றிதழ் நகல்களும் பாடக் குறிப்புகளும் அழிந்துபோகின்றன. மேல்மலையில் மன்னவனூரிலோ கிளாவரையிலோ இருப்பவர் கொடைக்கானல் வந்து, அங்கிருந்து மலைச்சாலையில் வத்தலக்குண்டு இறங்கிக் கணினியை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்புவதற்கு ஒரு நாள் வேலையை விட வேண்டும். திரும்பப் பெற்று வருவதற்கு இன்னொரு நாள். ஆகவே, கணினியைப் பையில் வைப்பதற்கு முன் திரை எந்தக் கட்டத்தில் இருண்டது என்பதை ஒவ்வொருவரும் பார்த்து எழுதிவைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கோளாறு வன்பொருளிலா மென்பொருளிலா என்பதைப் பெரும்பாலும் அந்த ஒரு குறிப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

கணினி உயிர்பெறும்போது திரையை முதலில் ஆள்வது தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ என்னும் நிரல். நிறுவனத்தின் சின்னத்தை வரைவது அதுதான். அடுத்து, எந்த இயங்குதளத்தை ஏற்றுவது என்று கேட்கும் க்ரப் பட்டியல் வருகிறது. அதன்பின் லினக்ஸின் மைய நிரலான கெர்னல் ஏறி, தன்னிடமுள்ள கிராஃபிக்ஸ் டிரைவரை, அதாவது படம் காட்டும் வன்பொருளை இயக்கும் நிரலைக் கொண்டு திரையின் அளவையும் துலக்கத்தையும் தானே அமைத்துக்கொள்கிறது. கடைசியாக, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் நுழைவுத் திரை தோன்றுகிறது. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு நிரலின் பொறுப்பு.

நிறுவனச் சின்னமே தோன்றவில்லை என்றால், அங்கே லினக்ஸுக்கு எந்தப் பங்கும் இல்லை. அது இன்னும் ஏறத் தொடங்கவே இல்லை. அந்நிலையில் இயங்குதளத்தை மாற்றச் சொல்பவரிடம் கணினியைக் கொடுக்காமலிருப்பதே நல்லது. செய்ய வேண்டியது, சார்ஜரையும் செருகியிருக்கும் பென்டிரைவ், மவுஸ் போன்றவற்றையும் எடுத்துவிட்டு, கழற்றக்கூடிய பேட்டரியாக இருந்தால் அதையும் கழற்றி, மின்பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தபின், சார்ஜரை மட்டும் இணைத்து மீண்டும் இயக்கிப் பார்ப்பது. அப்போதும் சின்னம் வராவிட்டால் வீட்டுத் தொலைக்காட்சியில் எச்.டி.எம்.ஐ. கம்பியை இணைத்துப் பாருங்கள். தொலைக்காட்சியில் படம் வந்து கணினித் திரையில் வராவிட்டால் பழுது திரையிலோ அதற்குச் செல்லும் கம்பியிலோ இருக்கிறது. இரண்டிலுமே வராவிட்டால் ராம் நினைவகம் அதன் பள்ளத்தில் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம், தாய்ப்பலகையே பழுதாகியும் இருக்கலாம். ராமை ஒருமுறை கழற்றி மாட்டினாலே உயிர்பெறும் கணினிகள் உண்டு. இயக்கியவுடன் பீப் ஒலி விட்டுவிட்டுக் கேட்டால் எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கான பொருள் தயாரிப்பு நிறுவனத்தின் கையேட்டில் இருக்கும்.

திரைக்குச் செல்லும் கம்பி, மூடியைத் திறந்து மூடும் கீலின் வழியாகத்தான் போகிறது. ஆண்டுக்கணக்கில் மடிந்து நிமிர்ந்து அது தேய்வது இயல்பு. திரையை மெல்ல முன்னும் பின்னும் சாய்க்கும்போது படம் வந்து வந்து போனால், மாற்ற வேண்டியது அந்தக் கம்பியாகவே இருக்கும். முழுத் திரைக்கு ஆகும் விலையோடு ஒப்பிட்டால் கம்பியின் விலை மிகக் குறைவு. அறையை இருட்டாக்கி, டார்ச் வெளிச்சத்தைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பார்ப்பது இன்னொரு எளிய சோதனை. சின்னம் மங்கலாகவேனும் தெரிந்தால் திரை படத்தைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது, அதன் பின்விளக்கு மட்டும் எரியவில்லை என்று பொருள். எங்கள் ஊர்களுக்கே உரிய ஒரு காரணத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் இரவில் குளிர்ந்து கிடந்த கணினியை அடுப்பு எரியும் சூடான அறைக்குக் கொண்டுவந்தவுடன் இயக்கினால், உள்ளே பூக்கும் ஈரம் மின்சுற்றைக் கெடுக்கக்கூடும். அறையின் வெப்பத்துக்கு அது வரும்வரை காத்திருப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

சின்னம் பளிச்சென்று தோன்றி, அதன்பின் திரை இருண்டால் நிலைமை வேறு. சின்னத்தைக் காட்டிய திரையும் கம்பியும் பின்விளக்கும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. அப்போது திரையை மாற்றச் சொல்வது வீண். கெர்னலின் கிராஃபிக்ஸ் டிரைவர் திரையை ஏற்றுக்கொள்ளும் தருணத்தில் ஏதோ தடைபடுகிறது. இதை உறுதிசெய்ய க்ரப் பட்டியலுக்குப் போக வேண்டும். லினக்ஸ் மட்டும் நிறுவப்பட்ட கணினிகளில் அப்பட்டியல் பெரும்பாலும் மறைந்தே இருக்கும். பழைய பயாஸ் கணினிகளில் இயக்கியவுடன் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தாலும், யுஇஎஃப்ஐ கணினிகளில் சின்னம் மறையும்போது எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டினாலும் அது தோன்றும். முதல் வரியில் நின்று ‘இ’ என்னும் ஆங்கில எழுத்தின் விசையை அழுத்தினால் சில வரிகள் திறக்கும். அவற்றுள் ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் நீண்ட வரியின் இறுதியில் உள்ள ‘கொயட்’, ‘ஸ்ப்ளாஷ்’ என்ற இரு சொற்களை நீக்கிவிட்டு, நோ, மோட், செட் என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களையும் இடைவெளியின்றிச் சிறிய எழுத்துகளில் ஒரே சொல்லாகச் சேர்த்து, எஃப்10 விசையை அழுத்த வேண்டும். இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டுமே உரியது. அடுத்த முறை இயக்கும்போது பழைய நிலையே திரும்பிவிடும் என்பதால் அஞ்சத் தேவையில்லை. இப்போது திரை தெளிந்து நுழைவுப் பக்கம் வந்துவிட்டால் குற்றம் டிரைவருடையது என்பது உறுதியாகிவிடுகிறது.

ஆனால் இச்சொல்லை மருந்தென்று கொள்ளக்கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டிரைவர் திரையை அமைக்க வேண்டாம், பயாஸ் கொடுத்த அடிப்படைப் படத்தையே வைத்துக்கொள் என்று கெர்னலுக்கு இடும் கட்டளையே அது. அவ்வாறு ஓடும் கணினியில் எழுத்துகள் பெருத்துத் தோன்றலாம், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்யாமல் போகலாம், வெளித்திரை இணையாது, காணொளி ஓடும்போது மையச் செயலியே முழுச் சுமையையும் தாங்கிச் சூடேறும். சிலர் இச்சொல்லைக் கணினியின் அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதிவைத்து, ‘சரியாகிவிட்டது’ என்று பணம் பெற்றுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே நுழைவதற்கு அதைப் பயன்படுத்திவிட்டு, புதுப்பிப்புகளை முழுமையாக நிறுவி, டிரைவரைச் சீராக்கி, அச்சொல் இல்லாமலேயே கணினி எழுகிறதா என்று பார்த்த பிறகே பணி முடிந்ததாகக் கருத வேண்டும்.

சின்னத்துக்குப்பின் இருண்ட திரையிலும் டார்ச் சோதனையில் மங்கலான படம் தெரிவதுண்டு. அது பின்விளக்கின் பழுது அன்று, ஒளி அளவு கடைசிப் படிக்கு இறங்கிவிட்டதன் விளைவு. ஒளியைக் கூட்டும் விசையைச் சில முறை அழுத்தினாலே போதும் என்ற நிலையில் திரையையே மாற்றியவர்கள் உண்டு.

பழனி மலையில் டிரைவர் கோளாறுக்கு அடிக்கடி காரணமாவது மின்சாரம். ஆடிக் காற்றிலும் ஐப்பசி மழையிலும் மரம் முறிந்து மின்கம்பியில் விழுவது இங்கே வழக்கம். பேட்டரி செத்த கணினியில் கெர்னல் புதுப்பிப்பு நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், புதிய கெர்னல் பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுவிடுகிறது. மறுநாள் இயக்கும்போது க்ரப் அந்தக் குறைக் கெர்னலையே தேர்ந்தெடுக்க, திரை இருண்டே கிடக்கிறது. இதற்கு உபுண்டுவிலும் மின்ட்டிலும் நல்ல வழி இருக்கிறது. முந்தைய கெர்னலை அவை அழிக்காமல் வைத்திருக்கும். க்ரப் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்ற வரிக்குள் நுழைந்து, பழைய எண் கொண்ட கெர்னலைத் தேர்ந்தால் கணினி முன்போல் எழுந்துவிடக்கூடும். அங்கேயே ஒவ்வொரு கெர்னலுக்கும் மீட்பு முறை என ஒரு வரியும் இருக்கும். அதற்குள் சென்றால், அரைகுறையாக நின்ற மென்பொருள் தொகுப்புகளை முடித்துவைக்கும் ‘டிபிகேஜி’, வட்டின் கோப்பு அமைப்பைச் சோதித்துச் சீராக்கும் ‘எஃப்எஸ்சிகே’, இடத்தைக் காலிசெய்யும் ‘க்ளீன்’ ஆகிய தெரிவுகள், கட்டளை எதையும் தட்டச்சு செய்யாமல் அம்புக்குறி விசையாலேயே தேர்ந்தெடுக்கும் வகையில் தரப்பட்டுள்ளன. பேட்டரி இல்லாத கணினி வைத்திருப்போர் வானம் இருண்டிருக்கும் நாளில் புதுப்பிப்பைத் தொடங்காமலிருப்பது நல்லது.

கடவுச்சொல் கேட்கும் பக்கம்வரை ஒழுங்காக வந்து, அதைக் கொடுத்தபின் திரை ஒருகணம் இருண்டு மீண்டும் அதே பக்கத்துக்கே திரும்பினால், பலரும் கடவுச்சொல்லைச் சந்தேகிக்கிறார்கள். நான் முதலில் சந்தேகிப்பது நிரம்பிவிட்ட வட்டை. மேசைத்திரை எழும்போது சில சிறு கோப்புகளை எழுத வேண்டியிருக்கிறது. எழுத இடமில்லாவிட்டால் அது எழாது. அந்தப் பக்கத்திலேயே கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டும் கொண்ட கறுப்புத் திரை வரும். அதில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே சென்று, ‘டிஎஃப் -எச்’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் எந்த வட்டுப் பகுதி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். நூறு விழுக்காடு என்று காட்டினால், பதிவிறக்கி வைத்த திரைப்படங்கள் இரண்டை நீக்கினாலே கணினி எழுந்துவிடும்.

என்விடியா கிராஃபிக்ஸ் உள்ள பழைய கணினிகளை விலைக்கு வாங்கும் கல்லூரி மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம்பகமானதெனக் கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே ஏற்றவிடும் செக்யூர் பூட் என்னும் பாதுகாப்பு இயங்கும் கணினியில் அந்நிறுவனத்தின் டிரைவரை உபுண்டுவில் நிறுவும்போது ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்கப்படும். அடுத்த முறை இயக்கும்போது நீலத் திரை ஒன்று தோன்றி, பத்து நொடிக்குள் ஏதேனும் ஒரு விசையை அழுத்தச் சொல்லும். பிழை என்று அஞ்சி அதைக் கடந்துவிடுகிறார்கள். அந்தத் திரையில் ‘என்ரோல்’ என்ற தெரிவைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுத்தால்தான் டிரைவரைக் கெர்னல் ஏற்கும்.

இத்தனை சோதனைக்கும் திரை தெளியவில்லை என்றாலும் ‘கொயட்’, ‘ஸ்ப்ளாஷ்’ என்னும் சொற்களை நீக்கியதால் திரையில் ஓடும் வரிகளுள் கடைசியாக நின்றவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விவரம் தெரிந்தவருக்கு அந்தப் படமே பெரும்பகுதியைச் சொல்லிவிடும். கணினியைக் கொண்டுவரச் சொல்வதற்கு முன் இத்தகைய படத்தை வாட்ஸ்அப்பில் கேட்டுப் பார்க்கும் வழக்கத்தைச் சமவெளியில் உள்ள பழுது பார்ப்போர் மேற்கொண்டால் எங்கள் மக்களுக்குப் பேருந்துக் கட்டணம் மிச்சமாகும். திரையை மாற்றினால் பழைய திரையைத் திருப்பித் தருவதும், இயங்குதளத்தை மாற்றுமுன் உள்ளிருக்கும் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்துவிட்டோம் என்று எழுதித் தருவதும் அவர்கள் செய்யக்கூடிய சிறு காரியங்களே. பழைய திரையைக் கேட்டு வாங்க வாடிக்கையாளர்களும் தயங்கக்கூடாது.

தங்கள் நாளிதழ் வழியாகக் கல்வித் துறைக்கும் நூலகத் துறைக்கும் ஒரு கோரிக்கை. பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூம்பாறை போன்ற ஊர்களில் உள்ள பள்ளிகளிலும் கிளை நூலகங்களிலும் லினக்ஸ் எழுதிய பென்டிரைவ் ஒன்றை இரவல் தரும் பொருளாக வைத்திருக்க வேண்டும். எட்டு ஜி.பி. கொள்ளளவே போதும். அதைச் செருகி, நிறுவாமல் முயன்று பார்க்கும் முறையில் கணினியை இயக்கினால், வட்டில் உள்ள எதையும் தொடாமல் லினக்ஸ் பென்டிரைவிலிருந்தே ஓடும். அப்போது திரை நன்றாகத் தெரிந்தால் வன்பொருளில் பெரும்பாலும் குறையில்லை, வட்டில் உள்ள நிறுவலைத்தான் சீராக்க வேண்டும் என்று தெளிந்துவிடலாம். அந்நிலையிலேயே தேவையான கோப்புகளை இன்னொரு பென்டிரைவுக்குப் படியெடுத்தும் விடலாம். ‘இன்ஸ்டால்’ என்ற படக்குறியைச் சொடுக்கக்கூடாது என்னும் எச்சரிக்கையைத் தமிழில் எழுதி அந்தப் பென்டிரைவின் உறையிலேயே ஒட்டிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
பண்ணைக்காடு, கொடைக்கானல் வட்டம்.