ஆயுத பூஜைக்கு முன் பின்விளக்கு: பர்மாவில் எங்கள் ஊர்க் கோயில் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், நிர்வாகக் குழுப் பெரியவர்களுக்கும், திருவிழா வேலைகளை இழுத்துப்போட்டுச் செய்யும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

கோயில் சந்து பெரிய சாலையில் சேரும் மூலையில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவன் எழுதுகிறேன். போன கூட்டத்தில் விபத்துகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது இரண்டு முடிவு எடுத்தீர்கள். வேப்பமரத்தடி முனீஸ்வரருக்கு ஒரு விசேஷ பூஜை, சாலையோரத்தில் கோயிலுக்குப் புது நுழைவு வளைவு. பூஜை தாராளமாக நடக்கட்டும். பூசணிக்காய் உடைத்த கையோடு அதை நடுச்சாலையில் விட்டுவிடாமல் ஓரமாக அள்ளிப் போட்டால் போதும். அதில் வழுக்கி விழுந்த வண்டியையும் நான் சரிபார்த்திருக்கிறேன். வளைவைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

அதற்கு முன்னால், நம் சாலையில் யார் எங்கே விழுகிறார்கள் என்று பார்த்துவிடுவோம். கூட்டத்தில் "எல்லாம் விதி" என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். விதி என்றால் அது ஊர் முழுக்க அல்லவா வேலை செய்ய வேண்டும்? நம் ஊரில் அது கோயில் சந்து முனை, சந்தைத் திருப்பம், மதகுப் பாலம் என்று மூன்றே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் பெரும்பாலும் பொழுது சாயும் நேரத்தில்.

நம் சாலையை வெளியூர்க்காரர்கள் நெடுஞ்சாலை என்கிறார்கள். பாயாஜியில் மண்டலே சாலையை விட்டுப் பிரிந்து, சிட்டாங் பாலம் தாண்டி, தடோன் வழியாகத் தாய்லாந்து எல்லையில் இருக்கும் மியாவடி வரைக்கும் இதே பாதைதான். ஆசிய நெடுஞ்சாலை 1 என்று பெயர். நம் ஊருக்குள் அது வயலுக்கு நடுவே மேடாகப் போட்ட ஒரு கரை. போக ஒரு வண்டி, வர ஒரு வண்டி, அவ்வளவுதான் அகலம். தார் முடிகிற இடத்தில் மழை அரித்து ஒரு சாண் பள்ளம். லாரி ஒதுக்கினால் பைக்காரன் அந்தப் பள்ளத்தில் இறங்க வேண்டும், இல்லையென்றால் வயலில்.

இதில் அறுவடைக் காலத்தில் பாதித் தாரை நெல் காயப்போட எடுத்துக்கொள்கிறோம். காய்ந்த நெல்மணி மேல் இரண்டு சக்கர வண்டி பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. களம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள், நியாயம்தான். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டுத் தரையை அந்த ஒரு மாதத்துக்குத் திறந்துவிடலாமே என்று எனக்குத் தோன்றும்.

சரி, சந்து முனைக்கு வருவோம். அடிபட்டு வரும் பைக்கைப் பார்த்தாலே எப்படி அடிபட்டது என்று பட்டறைக்காரனுக்குத் தெரிந்துவிடும். இந்த முனையில் விழும் வண்டிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி வருகின்றன. இடது ஃபுட்ரெஸ்ட் மடங்கியிருக்கும். கியர் லிவர் உள்ளே போய் இன்ஜின் மூடியில் குத்தியிருக்கும், அங்கிருந்து ஆயில் ஒழுகும். முன் சக்கரத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. அப்படியென்றால் எதிரே வந்த வண்டி மோதவில்லை. நம் நாட்டில் வண்டிகள் வலப்பக்கம் போவதால் முந்துவது இடப்பக்கமாக; அப்படிப் பின்னாலிருந்து வந்து முந்தப் பார்த்த வண்டி மோதியிருக்கிறது. பைக்காரன் கோயில் சந்துக்குள் திரும்ப நடுக்கோட்டுக்கு ஒதுங்குகிறான். பின்னால் வருகிற காருக்கு அவன் திரும்பப் போகிறான் என்று தெரியாது. இண்டிகேட்டர் போடவில்லை, அல்லது எரியவில்லை. பின்னால் கார் வருவது இவனுக்கும் தெரியாது. கண்ணாடியை அழகுக்காகக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பான்.

இதற்கு மேல் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. 1970 டிசம்பர் 6-ஆம் தேதி பர்மாவில் வண்டிகள் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறின. பெரியவர்களில் சிலருக்கு அந்த நாள் நினைவிருக்கலாம். சாலை மாறியது, ஸ்டியரிங் மாறவில்லை. அதற்குப் பிறகும் ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய பழைய வண்டிகளில்தான் நாம் ஓடிக்கொண்டிருக்கிறோம். புரோபாக்ஸ், ஹைலக்ஸ் எல்லாவற்றிலும் டிரைவர் வலப்பக்கம், அதாவது சாலையோரமாக, உட்கார்ந்திருக்கிறார். லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அவருக்கு முன்னால் ஒன்றும் தெரியாது. எதிரே வண்டி வருகிறதா என்று பார்க்க வேண்டுமென்றாலே காரின் பாதியை எதிர்ப்பக்கத்தில் நீட்டியாக வேண்டும். சில பேர் இடப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் "போகலாமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தப் பக்கத்து ஆள் பாதி நேரம் தூங்கிக்கொண்டிருப்பார். பழைய பஸ்ஸுக்கும் இதே கதை: கதவு இடப்பக்கம், அதாவது நடுச்சாலையில். இறங்குகிற அம்மா கூடையோடு எதிர்வண்டிக்கு முன்னால்தான் கால் வைக்கிறாள்.

ஸ்டியரிங்கை நாம் மாற்ற முடியாது. பைக்கில் திரும்புகிற விதத்தை மாற்றலாம். வலது ஓரத்திலேயே நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, சாலை காலியானதும் நேராகக் குறுக்கே போய்ச் சந்தில் நுழைய வேண்டும். அரை நிமிடம் கூட ஆகும், அவ்வளவுதான். இதை நான் சொன்னால் தம்பிகள் சிரிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அர்ச்சனை முடிந்ததும் தலைவர் மைக்கில் சொன்னால் கேட்பார்கள்.

இப்போது மதகுப் பாலம். அங்கே பகலில் ஒன்றும் நடப்பதில்லை. இருட்டிய பிறகு டோலாஜியின் பின்னால் மோதுகிறார்கள். டோலாஜி நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அதனால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். கை டிராக்டர் எஞ்சின், பின்னால் ஒரு பெட்டி, பெட்டியில் உளுந்து மூட்டையோ வைக்கோலோ. முன்னால் ஒரு மங்கிய விளக்கு எரிந்தால் பாக்கியம். பின்னால் ஒன்றுமே கிடையாது. வைக்கோல் ஏற்றினால் பெட்டியும் தெரியாது, சக்கரமும் தெரியாது, இருட்டோடு இருட்டாக ஒரு குவியல் ஆள் ஓடுகிற வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

கணக்கைப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. டிரைவர் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி. அதிலேயே 33 மீட்டர் போய்விடும். அப்புறம் நல்ல டயர், காய்ந்த தார் என்றால் நிற்பதற்கு இன்னும் ஒரு 35 மீட்டர். மொத்தம் 70 மீட்டருக்குக் கிட்டே. தாழ்த்திய முகப்பு விளக்கில் கறுப்பாக இருக்கும் ஒரு பொருள் 40, 50 மீட்டருக்கு வந்த பிறகுதான் கண்ணில் படும். ஆகவே அந்த டிரைவர் குடிக்காமல், தூங்காமல், உத்தமனாகவே வந்தாலும் மோதத்தான் செய்வார். அதே டோலாஜியின் பின்பலகையில் இரண்டு கை நீளம் ஒளிரும் சிவப்பு டேப் ஒட்டியிருந்தால் 150 மீட்டருக்கு அப்பாலேயே பளிச்சென்று தெரியும்.

இங்கேதான் எனக்கு ஒரு யோசனை. ஆயுத பூஜை அன்று ஊரில் உள்ள அத்தனை வண்டியும் கோயில் வாசலுக்கு வருகிறது. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி அனுப்புகிறோம். வண்டிப் பதிவும் லைசென்ஸும் கொடுக்கும் க ஞா ன ஆபீஸில் நாலு தடவை எழுதிப் போட்டாலும் இத்தனை வண்டியை ஒரே நாளில் ஒரே இடத்தில் அவர்களால் வரவழைக்க முடியாது. லைசென்ஸ் இல்லாத விதவுட் வண்டிகூட அன்றைக்குத் தைரியமாக வருகிறது. மழை ஓய்ந்து, அறுவடை ஆரம்பிப்பதற்கு முந்தின நேரம். இதைவிட நல்ல நாள் கிடைக்காது. குருக்கள் பொட்டு வைப்பதற்கு முன்னால் வண்டி என்னிடமும் மற்ற இரண்டு பட்டறைக்காரர்களிடமும் வரட்டும். பின்விளக்கு எரிகிறதா, பிரேக் பிடிக்கிறதா, கண்ணாடி இருக்கிறதா என்று பார்ப்போம். பல்ப் போயிருந்தால் அங்கேயே மாற்றுவோம். டோலாஜிக்கு டேப் ஒட்டுவோம். பிறகு தீபாராதனை. கூலி வேண்டாம், மூன்று பேரும் பேசி வைத்துவிட்டோம். டேப்புக்கும் பல்புக்கும் ஆகும் செலவைக் கோயில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இது சாமி காரியத்தில் தலையிடுவது என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். ரங்கூன்–பெகு சாலையில் இருக்கும் ஷ்வே நியாங்பின் ஆலமரத்து நாட் (பர்மியக் காவல் தெய்வம்) கோயிலுக்குப் புது வண்டி வாங்கியதும் நாமும்தான் போகிறோம். வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தி மரத்தைக் கும்பிட வைத்து, பூங்கொத்துக் கட்டிக்கொண்டு வருகிறோம். நானும் போயிருக்கிறேன், இனியும் போவேன். கும்பிட்டு வந்த வண்டிக்கும் பிரேக் ஷூ தேயத்தானே செய்கிறது?

ஹெல்மெட்டைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. சட்டம் எல்லாருக்கும் தெரியும். போலீஸ் நிற்கிற இடத்தில் தலையில் இருக்கிறது, மற்ற இடத்தில் ஹேண்டிலில் தொங்குகிறது, அல்லது மோஹிங்கா நூடுல்ஸ் வாங்கப் போகும் பையாக இருக்கிறது. ஹெல்மெட் பைக்காரர்களின் சாவை 40 சதவீத அளவுக்கும் தலைக்காயத்தை 70 சதவீத அளவுக்கும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். வாரைக் கட்டினால்தான் இது. கட்டாத ஹெல்மெட் தலைக்கு முன்னால் கீழே விழும். தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று ஏற்றிக்கொண்டு வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: அப்பா தலையில் ஹெல்மெட், பிள்ளைகள் தலையில் ரிப்பன், இது என்ன நியாயம்? உலகம் முழுக்க 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் சாலை விபத்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காய்ச்சலுக்குப் பயப்படுகிற அளவுக்கு நாம் இதற்குப் பயப்படுவதில்லை.

தமிழ் வகுப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. வகுப்பு இருட்டுகிற நேரத்தில் முடிந்து, பிள்ளைகள் கும்பலாக முன்வாசல் வழியாகப் பெரிய சாலையில் கொட்டுகிறார்கள். பின்வாசல் பூட்டியே கிடக்கிறது. வகுப்பை அரை மணி முன்னால் முடித்து, பின்வாசலைத் திறந்துவிட்டால் வயல் வரப்போரப் பாதையில் பாதிப் பிள்ளைகள் சாலையைத் தொடாமலே வீடு போய்விடலாம். சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை என்றால், அதை இந்த வாரமே தீர்க்கலாம்.

அடுத்து ஊர்வலம். பால்குடமும் காவடியும் ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரைக்கும் பெரிய சாலையில்தான் வருகின்றன. வேறு வழி கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜெனரேட்டர் வண்டி, டியூப் லைட், மேளம், கொடி பிடிக்கிற தம்பிகள் எல்லாம் முன்னால் போகிறது. வால் பக்கம் யார்? நடக்க முடியாத ஆச்சிமார்கள், தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் தாய்மார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு டார்ச் கூட இல்லை. பின்னாலிருந்து வரும் லாரிக்காரன் முதலில் பார்ப்பது அவர்களைத்தான். இந்த வருஷம் ஒரு விளக்கு வண்டியை வாலுக்குக் கொடுங்கள். அதற்கும் 100 அடி பின்னால் இரண்டு தம்பிகள் சிவப்பு விளக்கோடு நடந்து வரட்டும். ஊர்வலம் முடிந்த பிறகு "தாகம் தீர்க்க" ஒதுங்கும் தம்பிகளுக்கு இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்; அவர்களிடம் பைக் சாவியும் இருக்க வேண்டாம்.

இப்போது வளைவு. சந்து முனையில் இரண்டு பெரிய தூண் எழுப்பினால் என் பட்டறைக்கு நிழல் கிடைக்கும், நல்லதுதான். ஆனால் சந்திலிருந்து வெளியே வருகிறவனுக்குச் சாலை தெரியாது. பெகு பக்கத்திலிருந்து வரும் வண்டி தூணுக்குப் பின்னால் மறைந்துவிடும். எந்த முனையில் ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கிறார்களோ அதே முனையில் போய்ப் பார்வையை மறைக்கப் போகிறோம். வளைவு வேண்டுமென்றால் சந்துக்குள் 40 அடி தள்ளிக் கட்டுங்கள். முனையில் சூரிய ஒளியில் எரியும் விளக்கு ஒன்று போடுங்கள். கரண்ட் எப்போது வரும் என்று மின்வாரியத்துக்கே தெரியாத காலத்தில் அதுதான் எரியும்.

அதோடு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். நம் ஊரில் விபத்து நடந்தால் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி, பணம் கொடுத்து வாங்கி, சமாதானமாகப் போய்விடுகிறார்கள். வழக்கு இல்லை என்றால் ஏட்டிலும் இல்லை. நாளைக்கு நாம் போய் இந்த முனையில் வேகத்தடை வேண்டும் என்று கேட்டால், "எத்தனை விபத்து?" என்று கேட்பார்கள், நாம் விழிப்போம். கோயில் ஆபீஸில் ஒரு நோட்டு இருக்கட்டும். பெயர் எழுத வேண்டாம்; சண்டை வரும். தேதி, நேரம், இடம், என்ன வண்டி, எந்தப் பக்கம் அடி, விளக்கு இருந்ததா, மழையா. ஆம்புலன்ஸ் ஓட்டும் பரஹித (தொண்டுச் சங்க) தம்பிகள் சொல்வார்கள், நான் சொல்வேன். ஒரு வருஷம் எழுதினால் போதும். அதை எடுத்துக்கொண்டு கியாவுங் சயாடோவையும், அதாவது புத்த மடத்துத் தலைமைத் துறவியையும், அழைத்துக்கொண்டு போவோம். நாம் தனியாகப் போனால் நாற்காலி கூடக் கிடைக்காது, அவரோடு போனால் டீ கொடுத்து உட்கார வைப்பார்கள். அவருடைய சின்ன சாமியார்கள் காலையில் பிச்சைக்கு வரிசையாகப் போவதும் இதே சாலை ஓரத்தில்தான், ஆகவே அவர் மறுக்க மாட்டார். வேகத்தடையும், தார் ஓரப் பள்ளத்துக்குச் செம்மண்ணும் கேட்போம்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் வளைவுக்கான வரைபடம் வைக்கப் போவதாகச் சொன்னார்கள். அதை முடிவு செய்வதற்கு முன்னால் தலைவர் ஐயாவும் கொத்தனாரும் பொழுது சாயும் நேரத்தில் சந்து முனைக்கு ஒரு நடை வர வேண்டும். தூண் வரும் இடத்தில் நான் இரண்டு மூங்கிலை நட்டு, சாக்குக் கட்டி வைக்கிறேன். பைக்கில் உட்கார்ந்து சாலை தெரிகிறதா என்று ஐயாவே பார்க்கட்டும். நோட்டை நானே வாங்கிக் கோடு போட்டுக் கொண்டுவருகிறேன். டேப் விலையை ரங்கூன் கடையில் விசாரித்து வைத்திருக்கிறேன், கூட்டத்தில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மூலைப் பட்டறைக்காரன்